கண்ணாடியைத் தொட வேண்டாம்

பிப்ரவரி 3

எலிக்குட்டி,

இருபத்தினாலு வயசு ஆம்பளையை இன்னும் இப்படியா கூப்பிடுவேன்னு முகத்தைச் சுளிப்பே. கடிதத்துல தானே, யார் காதுல விழப்போகுது. போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷம் நான் அழறேன், நீ கத்தறே, லைன் போயிடுது. அதுக்கப்புறம் ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கறதில்ல. அதான் எழுதறேன். உன் கப்பல் கம்பெனி ஆபீஸ்ல கொடுத்தா அடுத்த துறைமுகத்துல உன் கைக்கு வந்துடும்னு அங்க உக்காந்திருக்கற அம்மா சொன்னாங்க. அஞ்சாங்கிளாஸ் எழுத்து. கோணல்மாணலா இருந்தா பொறுத்துக்கோ.

வண்டி போயிடுச்சுடா. திருட்டு இல்ல, பயப்படாதே. ஷோரூம்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஜனவரி பன்னிரண்டாம் தேதி.

அதுக்கு முன்னாடி உங்கப்பா போனுக்கு இருபது தடவையாவது அடிச்சிருப்பாங்க. அந்தப் போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். "சார் இருக்காங்களா?" "இல்லம்மா." "எப்ப வருவாங்க?" முதல் தடவை உள்ளதைச் சொன்னேன், செப்டம்பர்ல தவறிட்டார்னு. "ஓ, சாரி மேடம்"னு வச்சுட்டாங்க. மறுநாள் வேற ஒரு பொண்ணு, தேன் ஒழுகற குரல்ல, "சார் இருக்காங்களா?" நாலாவது தடவைக்கு அப்புறம், "வெளிய போயிருக்கார்"னு சொல்ல ஆரம்பிச்சேன். அப்படிச் சொல்றது எனக்கும் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு.

விஷயம் இதுதான். ஸ்டியரிங் நடுவுல காத்துப் பை ஒண்ணு மடிச்சு வச்சிருக்காம். வண்டி இடிச்சா அது ஊதி ஓட்டறவர் நெஞ்சைக் காப்பாத்துமாம். நம்ம வண்டி வந்த வருஷத்துல வச்ச பை எல்லாம் கோளாறாம், இடிக்காமலே வெடிக்குமாம். கம்பெனியே இலவசமா மாத்தித் தருதாம். பதினாறு வருஷம் நெஞ்சுக்கு நேரா ஒரு வெடியை வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கார் மனுஷன். கடைசியில வெடிச்சது பை இல்ல, நெஞ்சு.

நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அப்ப ஒருத்தர், "தெருவுல குழந்தைங்க விளையாடுது இல்ல மேடம்?"னு கேட்டார். எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன். பேட்டரி செத்துப்போச்சு, அதனால ஒரு நீளமான லாரி வந்து, கொக்கி மாட்டி இழுத்து ஏத்துச்சு. ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எழுதி ஸ்டியரிங்ல ஒட்டினேன்:

"சீட்டை நகர்த்த வேண்டாம். கண்ணாடியைத் தொட வேண்டாம். துண்டை எடுக்க வேண்டாம். இப்படிக்கு வீட்டுக்காரம்மா."

லாரிக்காரர் அதைப் படிச்சுட்டு, "என்னம்மா, உள்ள யாராவது தூங்கறாங்களா?"ன்னு சிரிச்சார். நான் சிரிக்கல. அவரும் நிறுத்திட்டார்.

"மூணே நாள்"னாங்க. மூணு வாரம் ஆச்சு. நாலு தடவை நேர்ல போயிட்டு வந்தேன். கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கு.

உன்னை ஒண்ணும் செய்யச் சொல்லல. நடுக்கடல்ல இருந்து நீ என்ன செய்வே. அவர் எப்படி நிறுத்திட்டு இறங்கினாரோ அப்படியே எனக்கு அது திரும்பி வரணும். வேற ஒண்ணும் கேக்கல. யார்கிட்டயாவது சொல்லணும் இல்ல, அதான்.

அம்மா

---

பிப்ரவரி 24

அம்மாவுக்கு,

கடிதம் கிடைச்சது. நல்லாயிருக்கேன். இன்ஜின் ரூம்ல சூடு அதிகம், மத்தபடி ஒண்ணும் இல்ல.

வண்டியை வித்துடு. அந்த ஷோரூம்லயே பழசை எடுத்துக்குவாங்க. உனக்கு ஓட்டத் தெரியாது. எனக்கு அது வேண்டாம். அது வாசல்ல நின்னு என்ன ஆகப்போகுது? காக்கா எச்சம் போடும், டயர் இறங்கும், நீ அதைப் பாத்து அழுவே. நீ மருத்துவமனையில நாள் முழுக்க நின்னு போர்வை மடிச்சுட்டு, வேலை முடிஞ்சு ரெண்டு பஸ் மாறி ஷோரூமுக்கு அலையறதை நினைச்சா எனக்குக் கோவம்தான் வருது.

அந்த வண்டியில நான் எங்க உக்காரலாம், எங்க உக்காரக்கூடாதுன்னு அப்பா என்னைக்கோ சொல்லிட்டார். அதனால அதைப் பத்தி எனக்கு எழுதாதே. உன் முழங்கால் வலி எப்படி இருக்குன்னு எழுது.

உன் கடிதத்தோட முதல் வார்த்தையைப் பக்கத்துப் படுக்கைக்காரன் பாத்துட்டான். அவனுக்கும் நம்ம பாஷை தெரியும். இப்ப இன்ஜின் ரூம் முழுக்க என்னை எலின்னுதான் கூப்பிடறாங்க. உனக்குச் சந்தோஷம்தானே?

மகன்

---

மார்ச் 12

எலிக்குட்டி,

முழங்கால் வலிக்குது. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன். இப்ப வண்டியைப் பத்தி எழுதறேன். பிடிக்கலைன்னா கடல்ல போடு, மீனாவது படிக்கட்டும்.

வண்டி வாசல்ல நின்னு என்ன ஆகப்போகுதுன்னு கேட்டே. சொல்றேன். அன்னைக்கு அவர் வேலை முடிச்சு வந்து, வண்டியை நிறுத்தி, மாடி ஏறி, செருப்பைக் கழட்டிட்டு உக்காந்தார். அப்புறம் எழுந்திரிக்கல. அதுக்கப்புறம் தினமும் வேலை விட்டு வந்ததும் நான் மாடி ஏறறதில்ல. வண்டியில போய் உக்காருவேன். என் பக்கத்து முன் சீட்ல. அவர் சீட்டு பின்னாடி தள்ளியே இருக்கும், நெட்டைக் காலுக்கு. அந்தச் சீட்ல விரிச்ச துண்டு, டர்பெண்டைன் வாசனை, வேர்வை வாசனை. ஸ்டியரிங்ல மூணு விரல் தடம், மஞ்சள் பெயிண்ட். கடைசியா அடிச்ச வீட்டோட மஞ்சள். பின்னாடி ரோடு பாக்கற நடுக் கண்ணாடி அவர் பாத்த கோணத்துலயே இருக்கும். கால் மணி நேரம் உக்காருவேன். வேலையில நடந்ததைச் சொல்லுவேன். அப்புறம் மேல போய்ச் சாப்பிடுவேன். நாலு மாசம் இப்படித்தான்டா சாப்பிட்டேன். இப்ப ரெண்டு மாசமா அந்த இடம் வெறும் சிமெண்ட் தரை, நடுவுல ஒரு எண்ணெய்க் கறை. நான் அந்தக் கறைக்குப் பக்கத்துல நின்னுட்டு மேல போறேன்.

இப்ப ஷோரூம் கதை. கண்ணாடிக் கதவு தானாத் திறக்குது. உள்ள குளிர் எலும்பைத் தொடுது. டோக்கன் எடுத்து சோபாவுல உக்காரணும். எதிர்ல ஒரு புதுக் கார் ரிப்பன் கட்டிக்கிட்டு சுத்திக்கிட்டே இருக்கு, பாத்தா தலை சுத்தும். என் நம்பர் வந்துச்சு. கவுண்ட்டர் பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே, "சிஸ்டத்துல சார் பேர்தான் இருக்கு மேடம். சார் வந்து கையெழுத்து போட்டாதான் வேலையை ஆரம்பிக்க முடியும்"னுச்சு.

"அவர் வர முடியாதும்மா."

"அப்ப சார் கையெழுத்தோட ஒரு கடிதம் கொண்டு வாங்க. 'நான் வர முடியாததால் என் மனைவியை அனுப்புகிறேன்'னு எழுதியிருந்தா போதும்."

நான் அந்தப் பொண்ணையே பாத்தேன். "அவரையே மேல அனுப்பி வச்சாச்சு, அவர் என்னை எங்கேருந்தும்மா அனுப்புவார்?"ன்னேன். அதுக்குப் புரியல. இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். ரெண்டு நகல் எடுத்துக்கிட்டு, "அடுத்த வாரம் வாங்க"ன்னுச்சு. அடுத்த வாரம் வேற பொண்ணு. "சார் வரலையா மேடம்?"

ஒருநாள் போன். "எங்க சேவைக்கு பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?" "பத்து குடுத்தா வண்டி குடுப்பியா?"ன்னேன். "அது வேற டிபார்ட்மெண்ட் மேடம்."

நீ எங்க உக்காரக்கூடாதுன்னு அப்பா சொன்னார்னு எழுதியிருக்கே. சொன்னார்தான். இருபது வயசுல கேக்காம சாவியை எடுத்துட்டுப் போய் மின்கம்பத்துல இடிச்சுட்டு வந்து நின்னே. பின் கதவு உள்ள போயிடுச்சு. "இனி இந்தச் சீட்ல நீ உக்காரக்கூடாது"ன்னார். கோவத்துல விழுந்த ஒரே ஒரு பேச்சு. அதை மூட்டை கட்டித் தூக்கிக்கிட்டு கப்பல் ஏறினே. மூணு வருஷமா ஒப்பந்தத்தை நீட்டி நீட்டி வீட்டுப் பக்கமே வரல.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். ஊர் சுவரையெல்லாம் மெழுகு மாதிரி பூசின பெயிண்டர் அவர். அந்த நசுங்கலைத் தட்டி நிமித்தி நிறம் அடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் போதும். அடிக்கல. தினமும் காலையில வண்டியைச் சுத்தி வரும்போது கட்டைவிரலால அதை ஒரு தடவை தடவிட்டுத்தான் ஏறுவார். நான் மாடியிலேருந்து பாத்திருக்கேன். பாத்ததை நான் காட்டிக்கல, அவரும் காட்டிக்கல.

இப்ப விக்கச் சொல்லு, பாப்போம்.

அம்மா

---

மார்ச் 30

அம்மா,

விக்கச் சொல்லல.

நான் ஏன் வரலைன்னு நீ போன்ல கேட்டப்ப நான் கத்தினேன். இப்ப சொல்றேன். செய்தி வந்தப்ப நாங்க கரையிலேருந்து பதினோரு நாள் தூரத்துல இருந்தோம். கேப்டன் கூப்பிட்டுச் சொன்னார். என் வேலை நேரம் முடிய இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. கீழ போய் அந்த ரெண்டு மணி நேரத்தையும் பாத்தேன். வால்வைத் துடைச்சேன், எண்ணெய் அளவு பாத்து எழுதினேன். "போய்ப் படு"ன்னு சொன்னாங்க, போகல. இன்ஜின் சத்தத்துல யார் என்ன செஞ்சாலும் வெளிய கேக்காது. அதனால கீழயே இருந்தேன். பதினோரு நாள் கழிச்சு வந்து நான் என்னத்தைப் பாக்கறது? அதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் கத்தினேன்.

நசுங்கல் விஷயம் நிஜமா? எனக்காகச் சேத்து எழுதலையே?

சரி, ஷோரூமுக்கு வருவோம். அங்க போய் நின்னு பேசினா நடக்காது. எழுதிக் குடுத்தாதான் பயப்படுவாங்க. எங்க சீஃப் இன்ஜினியர், உதிரி பாகம் அனுப்பாத கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுவார். மறுநாளே பாகம் கப்பலேறும். அதைப் பாத்து உனக்கு எழுதித் தர்றேன். கீழ இருக்கறதை உன் கையால அப்படியே எழுதி, மேனேஜர் கையில குடுத்து, நகல்ல முத்திரை வாங்கிக்கோ.

"ஐயா, எங்கள் வாகனம் தங்கள் பொறுப்பில் பல வாரங்களாக உள்ளது. இன்னும் ஏழு நாட்களுக்குள் அதனைக் குறை எதுவும் இன்றி, மிகச் சிறந்த நிலையில் எங்களிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் தலைமை அலுவலகத்துக்கும் நுகர்வோர் மன்றத்துக்கும் செல்ல நேரிடும் என்பதைத் தெரிவித்துக் கொள்கிறேன்."

நடக்குதா இல்லையா பார்.

எலி

---

ஏப்ரல் 22

எலிக்குட்டி,

வண்டி வந்துடுச்சு.

நீ எழுதினதை ஒரு எழுத்து மாத்தாம எழுதினேன். மூணு தாள் கிழிச்சேன், நாலாவது நல்லா வந்துச்சு. மேனேஜர் படிச்சுட்டு எழுந்து நின்னுட்டார். எனக்குத் தண்ணி கொண்டு வரச் சொன்னார். எனக்கு அவ்வளவு பெருமை. என் மகன் எழுதினதுன்னு சொன்னேன்.

ஆறாவது நாள் கொண்டு வந்தாங்க. கோட்டு போட்ட ரெண்டு பேர், ஒரு பூங்கொத்து. சாவியை அட்டையில செஞ்ச ஒரு பெரிய சாவியோட சேத்து என் கையில குடுத்து போட்டோ எடுத்தாங்க. "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்காக முழு உள்சுத்தம் இலவசமா பண்ணிக் குடுத்திருக்கோம் மேடம். புது வண்டி மாதிரி இருக்கும்."

கதவைத் திறந்தேன். எலுமிச்சை வாசனை.

சீட்டு முன்னாடி தள்ளியிருக்கு. கண்ணாடி மேல பாத்து நிக்குது. ஸ்டியரிங்ல அந்த மூணு விரல் இல்ல. துண்டைத் துவைச்சு, தேய்ச்சு, பிளாஸ்டிக் உறையில போட்டு வச்சிருக்காங்க. அவர் பக்கத்து ஜன்னல் மேல் ஓரத்துல எட்டு வயசுல நீ ஒட்டின வாத்துப் படம், அதையும் சுரண்டிட்டாங்க. என் தாளைக் காணோம்.

மருத்துவமனையில நான் தினமும் முன்னூறு போர்வையோட வாசனையைத் துவைச்சு எடுக்கறேன். யாரோட வாசனை, யார் அதைத் தேடுவாங்கன்னு ஒரு நாள் நினைச்சுப் பாத்ததில்ல. அந்தத் துண்டை முகர்ந்தப்ப, எங்க மருத்துவமனைச் சோப்பு மாதிரியே இருந்துச்சு.

கோட்டு போட்டவர், "திருப்தியா மேடம்?"னு கேட்டார். தலையாட்டினேன். அவங்க மேல என்னத்தைக் கோவப்படறது. கேட்டதைத்தானே குடுத்திருக்காங்க.

உன்னைக் குத்தம் சொல்லல. சத்தியமாச் சொல்லல. எழுதினது என் கை.

பின் கதவு நசுங்கல் மட்டும் அப்படியே இருக்கு. அது இலவசத்துல வராதாம்.

அம்மா

---

மே 9

அம்மா,

"மிகச் சிறந்த நிலையில்." அந்த வரியை எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காதே. நீ என்ன கேக்கறேன்னு எனக்குத் தெரியும், நீ தெளிவா எழுதியிருந்தே. ஆனா நான் ஒரு பம்புக்கு எழுதற மாதிரி எழுதிட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கா முடிஞ்சதுன்னு சொல்லுவியே, அதுதான்.

அம்மா, உனக்குத் தெரியாத ஒண்ணு எங்கிட்டயும் இருக்கு. நான் கிளம்பின அன்னைக்கு என்னைப் பஸ் நிலையத்துல விட அவர் வந்தார் இல்ல? நீ மாடியிலேருந்து கையசைச்சே. கீழ அவர் ஓட்டற பக்கத்துக் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னார். சாவி வண்டியிலயே இருந்துச்சு. 'நீ ஓட்டு'ன்னுதான் அர்த்தம், எனக்குப் புரிஞ்சுது. நான் அவரைத் தாண்டிப் போய் பின் சீட்ல நடுவுல உக்காந்தேன். சின்ன வயசுல உக்கார்ற இடத்துல. அவர் கதவைக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டே நின்னுட்டு, அப்புறம் ஏறினார்.

வழி முழுக்கக் கண்ணாடியில அவர் கண்ணு ரெண்டும் என்னையே பாத்துக்கிட்டு வந்துச்சு. நடுவுல உக்காந்தா அது நேராத் தெரியும். இப்ப அவர் முகத்தை நினைச்சா எனக்கு முழுசா வரமாட்டேங்குது. அந்தக் கண்ணு ரெண்டும்தான் வருது, அந்த நீளமான கண்ணாடிக்குள்ள.

அதையும் நானே திருப்பிவிட்டுட்டேன்.

ஆகஸ்ட்ல ஒப்பந்தம் முடியுது. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்க. போட்டுடலாம்னுதான் தோணுது.

எலி

---

ஜூன் 2

எலிக்குட்டி,

கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னாரா? எங்கிட்ட சொல்லவே இல்லடா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, "பையன் பத்திரமா ஏறிட்டான்"னு மட்டும் சொன்னார். உன் கடிதத்தை மூணு நாள் தலையணைக்கு அடியில வச்சிருந்தேன். உன் தாள்ல இன்ஜின் எண்ணெய் வாசனை வருது, தெரியுமா? துவைக்காத ஒண்ணாவது வீட்டுக்குள்ள வந்துச்சு.

இப்ப நடந்ததைக் கேளு. போன ஞாயித்துக்கிழமை காலையில யாரோ கதவைத் தட்டினாங்க. முப்பது வயசு இருக்கும், குள்ளமா ஒரு பொண்ணு, நகக்கண் எல்லாம் கறுப்பு. அந்த ஷோரூம் பின்னாடி ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக்காம். பையிலேருந்து நாலா மடிச்ச ஒரு காகிதத்தை எடுத்துச்சு. என் தாள்.

"அம்மா, இது நீங்க எழுதினதுதானே? குப்பைத்தொட்டியில கிடந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல."

உள்ள கூப்பிட்டேன். உக்காரல, நின்னுக்கிட்டே கொட்டிடுச்சு. "மூணு மாசமா உங்க வண்டியை அங்கயும் இங்கயும் நகர்த்தினது நான்தான். என் காலுக்கு பிரேக் எட்டாது. சீட்டு நுனியில தொங்கிக்கிட்டே ஓட்டினேன். கண்ணாடியைப் பாக்காம, கோழி மாதிரி கழுத்தைத் திருப்பித் திருப்பி. எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்ணுக்குக் காய்ச்சல், ரெண்டே நாள் லீவு போட்டேன். வந்து பாத்தா வண்டி பளபளன்னு நிக்குது."

அந்தப் பொண்ணு அழுதுடும் போல இருந்துச்சு. நான்தான் தேத்தினேன். எவ்வளவு வேடிக்கை பாரு. பத்து தடவை போய் நின்ன அந்தக் குளிர் ரூம்ல யாருக்கும் புரியாதது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்குப் புரிஞ்சிருக்கு.

"வாங்க கீழ போலாம்"னுச்சு. "என்னம்மா பண்ண முடியும்? எல்லாம் போச்சு"ன்னேன். "வாசனையை என்னால கொண்டு வர முடியாது. மத்ததைப் பாக்கலாம்."

டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு சீட்டுக்கு அடியில தலையை விட்டுச்சு. சீட்டு நகர்ற தண்டவாளத்துல பல்லு பல்லா இருக்குமாம். "பதினாறு வருஷம் ஒரே பல்லுல நின்னிருக்கும்மா. மத்த பல்லு எல்லாம் கூரா இருக்கு, இது மட்டும் தேஞ்சிருக்கு." சீட்டைப் பின்னாடி தள்ளுச்சு. 'டக்'னு உக்காந்துச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்டா.

அடுத்து கண்ணாடி. "நீங்க எப்பவும் உக்கார்ற இடத்துல உக்காருங்க. அவர் ஓட்டும்போது இந்தக் கண்ணாடியில உங்களுக்கு என்ன தெரியும்?"

யோசிக்கவே இல்ல. "வாத்து"ன்னேன்.

முன்னாடி உக்காந்த எனக்கு ரோடா தெரியும்? அவர் பக்கத்து ஜன்னல்தான் தெரியும், அதோட மேல் ஓரத்துல நீ ஒட்டின வாத்து. பதினாறு வருஷம் அந்த வாத்தைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கா, எவ்வளவு வெயில் அடிச்சாலும் அவர் அந்த ஜன்னலைப் பாதிக்கு மேல இறக்கமாட்டார். வாத்து உள்ள போனா கிழிஞ்சிடுமாம். "பெரிய மனுஷன் செய்யற வேலையா இது?"ன்னு கேலி பண்ணுவேன். "காத்து வருது இல்ல, பேசாம வா"ம்பார்.

"வாத்துதான் இல்லையேம்மா, சுரண்டிட்டாங்களே"ன்னேன். அந்தப் பொண்ணு ஜன்னல்கிட்ட வாயைக் கொண்டு போய் 'ஹா'ன்னு ஊதுச்சு. கண்ணாடி மூடுபனி மாதிரி வெளுத்துச்சு. நடுவுல தெளிவா வாத்து. அலகு, வால், எல்லாம். பசை இருந்த இடத்துல மூச்சு ஒட்டலையாம். கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள மறைஞ்சுது. திரும்ப ஊதுச்சு. ஊதி ஊதி வாத்தை வரவழைச்சுக்கிட்டே, ஒரு கையால நடுக் கண்ணாடியைத் திருப்பிச்சு. "இப்ப தெரியுதா?" "இல்ல, இன்னும் கீழ." "இப்ப?" "கொஞ்சம் அந்தப் பக்கம்." நாலு வீட்டுக்காரங்க மாடியிலேருந்து எட்டிப் பாத்தாங்க. ரெண்டு பொம்பளைங்க காருக்குள்ள உக்காந்து ஜன்னலுக்கு வாய் வைக்கிறாங்கன்னு ஊர் என்ன நினைச்சதோ.

"நில்லு, நில்லு! அதுதான்!"

வாத்து அது இருந்த இடத்துக்கு வந்துடுச்சு.

அப்புறம் அந்தப் பொண்ணு ஓட்டற சீட்ல ஏறி உக்காந்துச்சு. கண்ணாடியில அதுக்கு வண்டிக் கூரை மட்டும்தான் தெரிஞ்சுது. "குஷன் இருந்தா கொண்டு வாங்கம்மா." ஒண்ணு வச்சேன், பத்தல. ரெண்டு வச்சேன். "இன்னும் ரெண்டு விரல்." அந்தத் துண்டை உறையிலேருந்து எடுத்து மடிச்சு வச்சேன். ஏறி உக்காந்து முதுகை நிமித்துச்சு. "இதோ, பின் கண்ணாடி முழுசாத் தெரியுது. இங்கதாம்மா அவர் கண்ணு இருந்திருக்கு"ன்னு தன் கண்ணுக்கு நேரா கையை வச்சுக் காட்டுச்சு.

நான் இறங்கிப் போய்ப் பின் சீட்ல உக்காந்தேன். நடுவுல, நீ எழுதின இடத்துல. நிமிந்து பாத்தேன். அந்த நீளக் கண்ணாடிக்குள்ள ரெண்டு கண்ணு. அந்தப் பொண்ணு கண்ணுதான், தூக்கம் இல்லாத கண்ணு. ஆனா அந்த இடம் அவர் இடம்.

எனக்கு வாய்ல வந்துடுச்சுடா, "மெதுவாப் போங்க"ன்னு. அவர் சாவியைத் திருப்பினதும் நான் சொல்றது.

அந்தக் கண்ணு ரெண்டும் என்னைப் பாத்துச்சு. சிரிக்கல. "சரிம்மா"ன்னுச்சு.

போகும்போது என் தாளைத் திரும்ப ஸ்டியரிங்ல ஒட்டிட்டுப் போச்சு. நாலு மடிப்பும் தெரியுது, எழுத்து நல்லாத்தான் இருக்கு. குஷனையும் துண்டையும் நான் எடுத்து வச்சுட்டேன். இப்ப தினமும் வேலை விட்டு வந்து என் இடத்துல உக்காந்துக்கறேன். எலுமிச்சை வாசனை கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வாத்து வேணும்னா ஊதிக்கறேன். மேல போய்ச் சாப்பிடறேன். நீ கவலைப்படாதே.

ஷோரூம்லேருந்து நேத்தும் போன். "சார் இருக்காங்களா?" "மெக்கானிக் பொண்ணுக்குப் பத்துக்குப் பத்து"ன்னு சொல்லி வச்சுட்டேன்.

ஒப்பந்தத்துல கையெழுத்து போடறதும் போடாததும் உன் இஷ்டம். நான் வான்னு எழுதமாட்டேன். எழுதி எழுதி என்ன ஆச்சுன்னு ரெண்டு பேருமே பாத்துட்டோம். ஒண்ணு மட்டும் மண்டையைக் குடையுது. நீ பிறந்தப்ப என் உள்ளங்கையில அடங்கினே, அதான் இந்தப் பேரே. போறப்ப அவர் காது மடல் வரைக்கும் வளந்திருந்தே. அதுக்கப்புறம் மூணு வருஷம் நான் உன்னைப் பக்கத்துல நிக்க வச்சுப் பாக்கல. அந்தச் சீட்டு அதே பல்லுல இருக்கு, கண்ணாடி அதே கோணத்துல இருக்கு, யாரையும் தொட விடமாட்டேன். குஷன் வைக்காம, கண்ணாடியைத் திருப்பாம, நீ அங்க உக்காந்தா பின்னாடி வர்ற ரோடு உனக்கு முழுசாத் தெரியுமா? அவர் உயரத்துக்கு வந்துட்டியாடா, எலிக்குட்டி?